கொட்டகைக்கு ஒளி தந்த வள்ளல்கள்

வீட்டிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குக் கரண்டு இழுக்க, 2.5 அடி பள்ளம் தோண்டி, கவசக் கேபிள் புதைத்து, எர்த் போட்டு, 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. மாட்ட வேண்டுமாம். கோழைகளின் சாத்திரம்.

நம்மவர் வழி தனி. ஹீட்டர் பாயிண்டில் ஒரு முனை, கொட்டகை இரும்புத் தூணில் மறுமுனை, நடுவே வாடகை கேட்காத வேப்பமரமும் முருங்கையும். ஒயர் எட்டவில்லையா? இன்னொரு துண்டை முறுக்கி டேப் சுற்றினால் ஜாயிண்ட். மழைக்கு அதன்மேல் ஜவுளிக்கடைப் பை; கடையின் பெயர் தெருவுக்குத் தெரியும்படி. துணியும் அதிலேயே காய்கிறது. பியூஸ் அடிக்கடி போகிறதென்று சலிப்பவர்கள் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றட்டும்; பிறகு வீடே போனாலும் பியூஸ் போகாது. எர்த்தா? ஈரத்தரையில் நாலு காலையும் ஊன்றி நிற்கும் மாடு வேறு எதற்கு இருக்கிறது?

இத்தனை செய்தும் மாட்டுக்கு நன்றியில்லை. பல்பு எரிந்த முதல் இரவிலிருந்தே கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே மழையில் நிற்கிறது. ஊரில் எலக்ட்ரீஷியன் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் அதை ஒருமுறை வந்து பார்ப்பது நல்லது.