பட்டுக்கு உகந்த பரிமளம்

கேள்வி: சித்திரை மாதக் கல்யாணத்துக்குப் பட்டு வேட்டி கட்டிச் செல்கையில் பூசிக்கொள்ள ஏற்ற வாசனைத் திரவியம் எது? (ஒரு வாசகர், ஆரணி)

பதில்: எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்கமாட் ஆகிய பழத்தோல்களின் தைலங்களை மதுசாரத்தில் கலந்து, 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் தொழில் தொடங்கிய ஃபாரினா என்ற இத்தாலியக் குடும்பத்தார் உலகுக்கு வழங்கியதும், நம் வீடுகளில் காய்ச்சல்காரர் நெற்றியில் நனைத்துப் போடப்பட்டதுமான யூடிகோலோனின் வம்சத்தையே தேர்ந்தெடுங்கள். அத்தரும் ஜவ்வாதும் மார்கழிக்கு மகா உத்தமமானவை. அக்கினி நட்சத்திரத்திலோ பந்தலையே மூச்சுமுட்டச் செய்துவிடும். எலுமிச்சை இன வாசனையோ, மரியாதை தெரிந்த விருந்தாளியைப் போல், அருகில் நிற்பவரை மட்டும் குசலம் விசாரித்துவிட்டு, தாம்பூலம் வாங்கும் நேரத்துக்குள் விடைபெற்றுவிடும். விரைவில் ஆவியாகும் அந்தச் சுபாவத்தைக் குறையென்பாரும் உண்டு, நான் குணமென்றே கொண்டாடுவேன். சற்றே நீடிக்க வேண்டுமானால் சந்தனமோ வெட்டிவேரோ சேர்ந்ததாகப் பாருங்கள். ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: உங்கள் ஊர்த் தறியில் அத்தனை சிரமப்பட்டு நெய்த பட்டில் அதைத் தெளிக்கவே கூடாது; மதுசாரம் கறை விடும், சரிகையின் ஒளியையும் மங்கச் செய்யும். மேனியில் பூசி, உலர்ந்த பிறகே உடுத்துங்கள். பெர்கமாட் தைலம் பட்ட தோல் வெயிலில் கருத்துப்போகவும் கூடுமாதலால், கழுத்தை விட்டுவிட்டு, சட்டைக்குள் மறையும் மார்பிலேயே பூசிக்கொள்ளுங்கள்.