இலவசப் படிப்புக்குக் காசு

ஜெர்மனியில் முதுகலை இலவசம் என்கிறார்கள். பொய்யில்லை, பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே கிடையாது. விசாவுக்கு மட்டும் 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் கட்டிவிட்டு வரவேண்டும். அங்கே போய் இறங்கியதும் மாதம் 992 யூரோ வீதம், நம் பணத்தையே எடுத்து நமக்குப் படியளப்பார்கள். (பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துக்கு இந்த இலவசம் பிடிக்காது, நம்மைப் போன்றவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது.)

பிரிட்டன் கொஞ்சம் நாசூக்கு. கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்குமான தொகை 28 நாள் வங்கியில் அசையாமல் இருந்தால் போதும். அந்த 28 நாளும் மாமாவின் பணம் அப்பாவின் கணக்கில் விருந்தாளி. 29ஆம் நாள் விருந்தாளி கிளம்பிவிடுவார், வட்டியோடு.

பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகை முழுச் செலவையும் ஏற்கும். ஆனால் படித்து முடித்ததும் 2 ஆண்டு சொந்த நாட்டில் இருக்கவேண்டும் என்பார்கள். வெளிநாட்டுக் கனவுக்கு இதைவிடக் கொடிய நிபந்தனை உண்டா?

விண்ணப்பிக்கப் போகும் தம்பி தங்கைகளே, பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்குமுன் மாமாவிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்.