அறுபது டிகிரி இளமை

மட்டன் குழம்பு வைக்கிற எல்லோருக்கும் ஒரு துக்கம் உண்டு. வாங்கும்போது சட்டி நிறைய இருந்த கறி, வெந்து இலைக்கு வரும்போது பாதியாகிவிடும். கறிக்கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. இறைச்சியில் இருக்கும் கொலாஜன் என்கிற புரத நார், சுமார் அறுபது டிகிரி சூட்டைத் தாண்டியதும் முறுக்கு அவிழ்ந்து சுருங்கிக்கொள்கிறது. தொங்கும் கன்னத்தைக் கத்தி படாமல் இறுக்கித் தருகிறோம் என்கிற அழகு கிளினிக்குகளில் நடப்பதும் ஏறக்குறைய இதே சமையல்தான், மசாலா மட்டும் கிடையாது. ரேடியோ அலையால் தோலைச் சூடேற்றும் தெர்மாஜ் 2002-இல், கண்ணோரச் சுருக்கத்துக்கென்று அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றது. அல்ட்ராசவுண்டைக் குவித்துச் சூடு வைக்கும் அல்தெரபிக்கு, புருவத்தைத் தூக்கலாம் என்று 2009-இல் அனுமதி கிடைத்தது. ஒன்றரை, மூன்று, நாலரை மில்லிமீட்டர் என்று ஆழம் அளந்து புள்ளி புள்ளியாகச் சுடுவார்கள். மஞ்சள் காமாலைக்குக் கையில் சூடு போட்டவர்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்ட நாம், இப்போது தவணையில் பணம் கட்டி முகத்தில் போட்டுக்கொள்கிறோம்.

அதற்காக இதெல்லாம் மோசடி என்று சொல்ல வரவில்லை. வேலை செய்கிறது, சிக்கலே யாருக்கு வேலை செய்கிறது என்பதில்தான். சூட்டில் நார் அப்போதைக்குச் சுருங்குவது சில்லறை லாபம். பெரிய லாபம், 'ஐயோ, காயம்' என்று உடம்பு பதறி, அடுத்த சில மாதங்களில் புதுக் கொலாஜனை நெய்து அனுப்புவதில் இருக்கிறது. நுண்ணூசி உருளையால் முகத்தை ஆயிரம் குத்து குத்துவதும் இதற்கே. ஆக, இயந்திரம் செய்வது மனு போடுவது மட்டும். நடவடிக்கை எடுக்க வேண்டியது தோல் என்கிற அலுவலகம். முப்பத்தைந்து வயதில் அந்த அலுவலகத்தில் ஆள் இருக்கிறது, மனு நகர்கிறது. ஆனால் வயது வந்தபின் ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் கொலாஜன் குறைந்துகொண்டே போகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் பெண்களின் தோல் ஏறத்தாழ 30 சதவீதத்தை இழக்கிறது. இழுத்துவிட்டால் தோலைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும் எலாஸ்டின் பெரும்பாலும் சிறு வயதிலேயே செய்து முடிக்கப்பட்ட சரக்கு. புதிதாக வருவது அபூர்வம். எழுபது வயதில் மனு போட்டால், நாற்காலி இருக்கும், சட்டை தொங்கும், ஆள் இருக்கமாட்டார். லேசான தளர்ச்சி உள்ளவர்களுக்குத்தான் இது பொருந்தும் என்று நல்ல தோல் மருத்துவர்கள் முதலிலேயே சொல்லிவிடுவதன் பொருள் இதுதான். பணம் இருப்பவருக்குத்தான் வங்கி கடன் கொடுக்கும். தொங்காத கன்னத்தைத்தான் இயந்திரம் தூக்கும்.

'அப்படியானால் விளம்பரத்தில் வரும் முன்-பின் படங்கள் பொய்யா?' என்று கேட்கலாம். பொய்யாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. முதல் படத்தில் தலை குனிந்திருக்கும், வெளிச்சம் உச்சியிலிருந்து விழும், முகத்தில் மின்கட்டண ரசீதைப் பார்த்த களை. இரண்டாவதில் மோவாய் ஓர் அங்குலம் ஏறியிருக்கும், விளக்கு நேர் எதிரே. மோவாயைத் தூக்கினால் யாருக்குமே தாடைக்கோடு தெரியும். அதற்குக் கட்டணம் கிடையாது. 'முகத்துக்கு உடற்பயிற்சி செய்தால்?' என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. இருபது வாரம் கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்துக் கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் பதினாறே பெண்கள். பார்ப்பவர்கள் மதிப்பிட்ட வயது சராசரியாக 50.8-இலிருந்து 48.1-க்கு இறங்கியது. பயிற்சி செய்யாத ஒரு குழுவை ஒப்பிட வைத்துக்கொள்ளவில்லை என்பது ஒரு குறை. முதலில் சேர்ந்த இருபத்தேழு பேரில் பதினொருவர் வழியிலேயே கழன்றுகொண்டார்கள் என்பதுதான் எனக்கு இதில் முழு நம்பிக்கை தரும் புள்ளிவிவரம்.

கிரீம் கட்சிக்காரர்களும் உண்டு. கொலாஜன் கலந்த கிரீமைத் தடவினால் அது உள்ளே போய்க் காலி இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர்கள் கணக்கு. தோலைத் தாண்டி உள்ளே நுழைய மூலக்கூறு சுமார் 500 டால்டனுக்குள் இருக்கவேண்டும். கொலாஜனோ மூன்று லட்சம். சாவித் துவாரத்தில் கோயில் யானையை நுழைக்கப் பார்க்கிறார்கள். யானை வாசலிலேயே நின்று பளபளக்கும், முகம் கழுவினால் போய்விடும். சான்று வலுவாக உள்ள களிம்பு டிரெட்டினோயின். பருவுக்கென்று வந்த மருந்து. வெயிலில் கெட்ட தோலையும் சீராக்குகிறது என்று பென்சில்வேனியாவில் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986-இல் எழுதினார்கள். மருத்துவர் சீட்டு வேண்டும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது, முதல் சில வாரம் முகம் உரியும். இயந்திரத்தோடு ஒப்பிட்டால் விலை மலிவு. மலிவு என்பதாலேயே அதற்கு மதிப்பில்லை.

'கத்தி இல்லை, ஆபத்தும் இல்லை. அவரவர் காசு, அவரவர் கன்னம்' என்பது எளிதில் தள்ளமுடியாத வாதம். கை தேராதவர் கையில் அந்த இயந்திரச் சூடு தோலைப் பொசுக்கும், கன்னத்துக் கொழுப்பைக் கரைத்து முகத்தை இன்னும் ஒட்டவைக்கும் என்பதைச் சொல்லிவிட்டு, மீதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காசு பற்றிப் பேச வேண்டுமானால் ஒரு கன்னத்தைச் சாட்சிக்கு அழைக்கவேண்டும். இருபத்தெட்டு ஆண்டு சரக்கு வண்டி ஓட்டிய ஓர் அமெரிக்கரின் படத்தை நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2012-இல் வெளியிட்டது. அறுபத்தொன்பது வயது. ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் உழுத வயல், வலது கன்னம் அதைவிட வெகு இளைய தம்பி. கண்ணாடி தடுக்காமல் விட்ட புற ஊதா ஏ கதிரின் கைவண்ணம் அது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே புவியீர்ப்பு. வலது கன்னத்துக்கு அவர் செலவழித்தது நிழல் மட்டும். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். நம் ஊரில் முதலில் ஓய்வுபெறுவது ஓட்டுநரின் வலது கன்னமாக இருக்கும். பயணிகள் கதை வேறு. பேருந்து நிற்பதற்குள் ஓடி, வெளியிலிருந்தே ஜன்னல் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம். உட்கார்ந்தபிறகு அந்தத் துண்டை எடுத்து வெயில் பக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டால், ஜி.எஸ்.டி.கூடக் கிடையாது.