பிறந்தநாள் பேச்சு

கேள்வி: மனித உரிமைக்காக நடக்கும் சர்வதேச இளைஞர் கூட்டங்களால் பயன் உண்டா? செல்ஃபிதான் மிச்சமா?

பதில்: செல்ஃபிக்குக் குறைவிருக்காது. வருகிறவர்கள் எல்லோரும் பேசத்தான் வருகிறார்கள். முழுதாகக் கேட்பது மொழிபெயர்ப்பாளர்கள் மட்டுமே, அதுவும் சம்பளத்துக்கு!

ஆனால் 2013 ஜூலை 12 அன்று நியூயார்க் ஐ.நா. தலைமையகத்தில் கூடிய இளைஞர்களை அப்படித் தள்ளிவிட முடியாது. முந்தைய அக்டோபரில் தாலிபான்கள் சுட்டும் பிழைத்த மலாலா, தன் 16-வது பிறந்தநாளில், பெனாசிர் பூட்டோவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெண்கல்விக்காகப் பேசினார். மறுவருடம் கைலாஷ் சத்யார்த்தியோடு அமைதி நோபல். பாகிஸ்தானில் அவருடைய ஊரான ஸ்வாட் பள்ளத்தாக்கோடு அடங்கியிருக்கக்கூடிய குரலுக்கு, சுட்டவர்களே உலகம் முழுக்க மைக் பிடித்துவிட்டார்கள்! ஆனாலும் பக்கத்து ஆப்கானிஸ்தானில் 2021-லிருந்து ஆறாம் வகுப்போடு பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. ஆகவே, அடுத்த கூட்டத்துக்கு விசா வாங்கலாம், வேலை பாக்கியிருக்கிறது.