நீதான் மொதல்ல போகணும், மாப்ள!

மாப்ள, நீ சொல்றதுதான் நியாயம். அம்புட்டுப் பணத்தக் கொட்டி விசைப்படகு வாங்கி, டீசலையும் ஊத்தி, பாம்பன் பாலத்துக்கு முன்னால நங்கூரம் போட்டு உக்காந்து கெடக்கவா உனக்கு எங்க ஊருப் பொண்ணக் குடுத்தோம்? பாலத்தத் தூக்குனாங்களா, முன்னால நிக்கிறவனையெல்லாம் ஒதுக்கித் தள்ளிட்டு நீ சீறிப் போகணும். அலங்காநல்லூர் மருமகன்னா சும்மாவா?

எங்க வாடிவாசல்லயும் அந்தக் கத தான். தை மூணாம் நாளு வந்து பாரு. மொதல்ல கோயில் காளை. முனியாண்டி சாமி மாடு வெளிய வரும்போது எப்பேர்ப்பட்ட வீரனும் கையக் கட்டிக்கிட்டு ஒதுங்கிருவான். அதுக்குப் பெறகு டோக்கன் வரிசையில ஒண்ணொண்ணா அவுப்பாங்க. மாட்டுக்காரன் முந்துன ராத்திரியே வந்து, பனியில முழிச்சுக் கெடந்து, எடத்தப் பிடிச்சிருப்பான். விடியக்காலம் ஒருத்தன் நடுவுல மாட்டச் சொருகுவான் பாரு, அவன்தான் உன் சாதி வீரன். மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது. லத்தி அவன் முதுகுக்குத்தான். அவன் மாடும் அன்னிக்கு வெளிய நின்னு வாசலப் பாத்துட்டு வீட்டுக்குத் திரும்பிரும்.

உன் வாசல் மட்டும் என்ன, இன்னைக்கு நேத்து வச்சதா? 1914 பிப்ரவரியில தொறந்த பழைய பாலத்துல, நடு கர்டர ரெண்டா வகுந்து மேல தூக்குனாங்க. அதுக்கு மோட்டார் கீட்டார் ஒண்ணுங் கெடையாது, ரெண்டு பக்கமும் ஆளுக நின்னு கையால சுத்தணும். 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய அழிச்ச புயல் பாலத்து கர்டர்கள வாரிட்டுப் போயிருச்சு. ஆனா அந்தத் தூக்குற கர்டர் மட்டும் அசையல. ரயில்வே இஞ்சினியர் ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல பாலத்தச் சரி பண்ணிட்டாங்க. இப்ப பக்கத்துலயே புதுப்பாலம். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி தொறந்தது. 72.5 மீட்டர் நீளக் கர்டர அப்படியே நட்டமா 17 மீட்டர் தூக்குது, மோட்டார் போட்டு. கையால சுத்துன காலத்துல உங்க தாத்தன் கம்முனு நின்னான். மோட்டார் வந்ததும் உனக்குப் பொறுமை போச்சு. பேஷ்!

சரி, முந்துறதுன்னு முடிவாயிருச்சு, முறையா முந்துவோம். பாலத்தத் தூக்குறதுன்னா ரயில நிறுத்தணும், துறைமுக ஆபீஸ்ல சரின்னு சொல்லணும். அதனால நாலு கப்பல், பத்துப் படகு சேந்த பெறகுதான் பெரும்பாலும் தூக்குவாங்க. மொதல்ல கடலோரக் காவல் கப்பலு, சரக்குக் கப்பலு, பெறகு விசைப்படகுக. நீ அந்தச் சரக்குக் கப்பல் பின்னாடியே வாலப் பிடிச்சுக்கிட்டுப் போ. அது சட்டுன்னு வேகத்தக் கொறைச்சா உன் படகு எங்க நிக்கும்னு யோசிக்காத. யோசிச்சா பயம் வந்துரும்.

வடகடலுக்கும் தென்கடலுக்கும் நடுவுல தண்ணி இழுக்குற இழுப்பு இருக்கே, அது உன் பேச்சக் கேக்காது. நீரோட்டத்தோட வர்றவனால நெனச்ச எடத்துல நிக்க முடியாது. எதிர்த்து வர்றவன் இஞ்சினக் கொறைச்சு நின்னுக்கலாம். அதனால எதிர்த்து வர்றவன் கொஞ்சம் பொறுக்குறதுதான் புத்தி. ஆனா நீ பொறுக்காத. 2013 ஜனவரியில ஒரு பார்ஜ் நகந்து வந்து பாலத்துல இடிச்சுச்சுல்ல? ரயில நிறுத்தி, தூணச் சரி பண்ணுனாங்க. உன் பேரும் பேப்பர்ல வரணும்னா வழி இதுதான்.

இன்னொண்ணு. ரோட்டுல நாம இடது பக்கம் போறோம். குறுகுன கடல் வழியில வலது பக்கத்து ஓரமாப் போகணும்ங்கிறது உலகத்துக்கே பொதுவான விதி. நீ மதுரை ரிங் ரோட்டுல ஓட்டுற மாதிரி நட்டநடுவுல போ. பக்கத்துல வத்தையில வல வச்சிருக்கிற கெழவன் உன் அலையில கவுந்தா, கையக் காமிச்சு ஒரு சிரிப்புச் சிரிச்சுரு. அவன் மறுகரையில மீனு வாங்க வரப்போறதில்ல, சாபம் குடுக்கத்தான் வருவான்.

காசு குடுத்து முந்தணும்னா உனக்கு வேற எடம் இருக்கு. பனாமா கால்வாய்ல, ரெண்டு கதவுக்கு நடுவுல கப்பல அடைச்சு, தண்ணிய விட்டு, கடல் மட்டத்துல இருந்து 26 மீட்டர் உசரத்துல இருக்கிற ஏரிக்கு ஏத்துறாங்க. ஒரு கப்பல் கடக்க சுமார் 20 கோடி லிட்டர் நல்ல தண்ணி போகுது. 2023-ல மழை பொய்ச்சு ஏரி வத்திப் போச்சு. ஒரு நாளைக்கு விடுற கப்பல் எண்ணிக்கையக் கொறைச்சாங்க. நம்ம பெரியாத்துக் கால்வாய்ல முறைத்தண்ணி விடுறாங்கல்ல, அதே சங்கதிதான். அந்த நவம்பர்ல ஒரு ஜப்பான் கம்பெனி, வரிசைய முந்திப் போக ஏலத்துல கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர் கட்டுச்சு. அங்க முந்துறதுக்கு விலை இருக்கு, கட்டிட்டு ரசீதோட முந்துறான். இங்க நீ ஓசியில முந்தப் பாக்குற. அதுக்குத்தான் உன்ன ஊரு வைது.

இம்புட்டுக்கும், முந்திப் போயி நீ என்னத்தச் சாதிக்கப் போற? பாலம் தூக்கியிருக்கிற நேரத்துல வரிசையில நிக்கிற எல்லாப் படகும் கடந்துரும். கடைசிப் படகு வரைக்கும் கர்டர எறக்க மாட்டாங்க. நீ அர மணி நேரம் முந்திப் போனா தென்கடல்ல மீனு உனக்குன்னு தனியா பந்தி போட்டு வச்சிருக்குமா?

அடுத்த தடவ கர்டரு மேல ஏறும்போது படகு ஓரத்துல டயரக் கட்டித் தொங்க விடு, துறைமுக ஆபீஸ் சொல்ற எடத்துல நில்லு, உன் முறை வந்ததும் மெதுவாப் போ. சுக்கான மட்டும் என் மகன்கிட்டக் குடுத்துராத. உன் மச்சினன் பெரியார் பஸ் ஸ்டாண்டுல சன்னல் வழியா துண்டப் போட்டு சீட்டுப் பிடிக்கிற பய.