எழுத்துக்குள் ஆள் ஏற்றுதல்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் பனர் அடிக்கிற கடையொன்றில் எனக்கென்று ஒரு கதிரையும் ஒரு கொம்பியூட்டரும் உண்டு. கடைக்கு முன்னால் வவுனியா பஸ் நிற்கும். "உள்ளுக்குப் போங்கோ, பின்னுக்கு இடம் கிடக்கு" என்று நடத்துநர் கத்துவார். கடைக்குள் இருந்து நானும் அதே தொழிலைத்தான் செய்கிறேன். அவர் பஸ்ஸுக்குள் ஆள் ஏற்றுகிறார், நான் எழுத்துக்குள் ஏற்றுகிறேன். அவருக்காவது பின்னுக்குக் கொஞ்சம் இடம் கிடக்கும்.

எல்லாம் ஒரு பிறந்தநாளில் தொடங்கியது. ஒரு அக்கா வந்து போனை நீட்டினா. ஆங்கிலத்தில் 'லவ்' என்ற நாலெழுத்து. அதற்குள் கடல், சூரியன், கைகோத்த ஒரு சோடி. "தம்பி, மகனுக்கு முதலாவது பிறந்தநாள். இப்பிடித்தான் வேணும், ஆனா தமிழில. உள்ளுக்கு எங்கட ஆக்கள் எல்லாரும் நிக்கோணும்."

"எத்தினை பேர் அக்கா?"

"பதினாலு. கனடாவில இருக்கிற சித்தப்பாவையும் சேத்தா பதினைஞ்சு."

ஆங்கில எழுத்துக்கு உடம்பு உண்டு. ஓ என்ற எழுத்தைத் தடிப்பாக்கினால் லொறி டயர் மாதிரி வரும், ஒரு குடும்பம் வட்டமாக இருந்து சோறே சாப்பிடலாம். தமிழ் எழுத்துக்கு இருப்பது நரம்பு. ஓலையில் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் நார் வழியே கிழியும் என்று முன்னோர்கள் வளைத்து வளைத்து எழுதினார்கள் என்பார்கள். அவர்கள் ஓலையை நினைத்தார்கள். பத்தடி பனரையும் கனடாச் சித்தப்பாவையும் நினைக்கவில்லை. 'ழ'வுக்குள் ஒரு ஆளை நிறுத்தினால் ஒரு சுழியில் காது தெரியும், அடுத்த சுழியில் முழங்கை தெரியும், முகம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வெறுமைக்குள் போய்விடும். கடைசியில் பதினைந்து பேரையும் '1' என்ற இலக்கத்துக்குள் ஏற்றினேன். ஒன்று என்பது ஒரு தூண். ஒருவர் தோளில் ஒருவர் நின்று உறியடிக்கப் போகிற கூட்டம் மாதிரி இருந்தது. அக்கா அதைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா ஏன் எல்லாருக்கும் கீழ?" என்று கேட்டா. காசு அனுப்பினவர் அவர்.

செய்கிற முறை சின்னது. கோரல் ட்றோவில் படத்தைத் தெரிவுசெய்து 'பவர் கிளிப்' போய், உள்ளே வை என்று சொன்னால், சுட்டி தடித்த கறுப்பு அம்பாக மாறும். அந்த அம்பை எழுத்தில் குத்தினால் படம் உள்ளே போய்விடும். போட்டோஷொப்பில் எழுத்துக்கு மேல் லேயரில் படத்தை வைத்து, ஆல்ட் விசையை அமத்திக்கொண்டு இரண்டு லேயருக்கும் நடுவில் ஒரு சொடுக்கு. பெயர் 'கிளிப்பிங் மாஸ்க்'. அவ்வளவுதான். யூடியூப்பில் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. வாடிக்கையாளர் பின்னால் கதிரை போட்டு இருந்தால் ஒரு பின்னேரம்.

பழைய கோரலுக்கு ஒரு பழக்கம் இருந்தது. படத்தின் நடுவைக் கொண்டுபோய் எழுத்தின் நடுவில் வைக்கும். எழும்பி நின்று எடுத்த படத்தின் நடு எது? பெல்ட். ஒரு பெரியவரின் அறுபதாம் கலியாணப் பனரில், 'அ' என்ற எழுத்து முழுக்க வேட்டிக்கு மேல் கட்டிய பச்சைப் பெல்ட்டும் அதில் கைத்தொலைபேசி உறையும் மட்டும் இருந்தன. பேரப்பிள்ளைதான் முதலில் கண்டுபிடித்தது: "அம்மப்பான்ர வயிறு!" படத்தை உள்ளே போட்ட பிறகு மறுபடி உள்ளே இறங்கி முகத்தை இழுத்து மேலே கொண்டுவரலாம் என்பதை நான் அன்று பின்னேரம்தான் படித்தேன்.

அடுத்தது ஊர்ப்பெயர். புலம்பெயர்ந்த சிலர் ஒன்றுகூடலுக்கு 'கிளிநொச்சி' என்று பெரிதாக எழுதி, எழுத்துக்கொரு காட்சி வேண்டும் என்றார்கள். இது புதிய யோசனை இல்லை. அமெரிக்காவில் சிக்காகோவைச் சேர்ந்த கர்ட் டைக் கொம்பனி, 1930களிலேயே ஊர்ப்பெயரின் பெரிய எழுத்துகளுக்குள் அந்த ஊர்க் காட்சிகளை அடைத்து வாழ்த்துத் தபாலட்டைகள் அடித்து விற்றது. அதற்கும் 1,200 வருடம் முந்தி ஐரோப்பியத் துறவிகள் நூலின் முதலெழுத்துக்குள் ஆளைக் கீறி வைத்தார்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. நம்முடைய புலவர்கள் இன்னும் கெட்டிக்காரர். சித்திரக்கவி என்று சொல்லித் தேருக்குள்ளும் பின்னிக் கிடக்கிற பாம்புக்குள்ளும் எழுத்தை ஏற்றினார்கள். படத்தை எழுத்துக்குள் ஏற்றுகிற பாவம் எனக்கு வந்து சேர்ந்தது.

கி, ளி, நொ, ச், சி. ஐந்து எழுத்து. வைபர் குழுவில் முப்பது பேர். இரணைமடுக் குளம், விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, 2013 செப்ரெம்பர் 14 அன்று யாழ்தேவி மறுபடி வந்து நின்ற புகையிரத நிலையம், வயல் என்று நாலும் ஒருவழியாக முடிவானது. ஐந்தாவதாக ஒருவர் முறிகண்டிப் பிள்ளையாரைச் சொன்னார். உடனே இன்னொருவர், முறிகண்டி முல்லைத்தீவு மாவட்டம் என்று எழுதினார். அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் போனைத் திறக்கவில்லை. ஏ9இல் போகிற வாகனமெல்லாம் நிறுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு போகிற கோயில் அது. பிள்ளையார் மாவட்டம் பார்த்தா கச்சான் விற்க விட்டிருக்கிறார்? எதையும் எழுதுமுன் பிள்ளையார் சுழி போடுகிற சனம் நாங்கள் என்று சொல்லி, முதலெழுத்தான 'கி'க்குள் அவரை இருத்தினேன். மேலே வளைந்து இறங்குகிற விசிறி தும்பிக்கைக்கு அளவெடுத்தது போல இருந்தது.

அப்போதுதான் பாமினி தன் வேலையைக் காட்டியது. பாமினி எழுத்துரு என்பது ஆங்கில விசைகளின் தலையில் தமிழ் வடிவங்களை ஒட்டிவைத்த ஏற்பாடு. இலங்கையில் அது இல்லாத அச்சகத்தை நான் கண்டதில்லை. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் கிளிநொச்சி, 'எஃப் பி எஸ் பி என் இ எச் ஆர்' என்று தொடங்கி, ஒரு அரைப்புள்ளியில் இளைப்பாறி, 'ஆர் பி' என்று முடியும். நாங்கள் ஒரே எழுத்தாக நினைக்கிற 'நொ' அதற்கு மூன்று துண்டு: கொம்பு வேறு, ந வேறு, அரவு வேறு. ஒரு படத்தை மூன்று துண்டுக்கும் பரப்ப வேண்டுமானால் துண்டுகளை ஒன்றாக்க வேண்டும். நான் முழுப் பெயரையும் வளைகோடாக மாற்றி, எழுத்தெழுத்தாகக் 'கொம்பைன்' கொடுத்தேன். அது துண்டுகளைச் சேர்க்கும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறின இடத்தை ஓட்டையாக வெட்டிவிடும். 'ளி'யில் விசிறி வந்து முட்டுகிற இடத்தில் ஒரு வெள்ளைத் துளை. உள்ளே இரணைமடுக் குளம். அணை உடைந்து குளம் வற்றின மாதிரி இருந்தது. கொடுக்க வேண்டியது 'வெல்ட்'. பக்கத்துக் கடையே வெல்டிங் கடை. நாள் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

'ச்' என்ற எழுத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. அதன் தலையில் ஒரு புள்ளி. வட்டம். வளைவில்லை, சுழியில்லை, ஓட்டையில்லை. தமிழ் எழுத்தில் முகத்துக்கென்றே அளந்து செய்த இடம் அது ஒன்றுதான். எழுத்தாணி குத்தினால் துளை விழும் என்று ஓலையில் பெரும்பாலும் எழுதாமல் விட்ட புள்ளி, வாசிக்கிறவன் ஊகித்துக்கொள்ளட்டும் என்று கைவிட்ட புள்ளி, இத்தனை காலம் காலியாகவே இருந்திருக்கிறது. தண்ணீர்த் தாங்கியின் வட்டத் தலையை அதற்குள் வைத்தேன். பிறகு வந்த பிறந்தநாள் பிள்ளைகளெல்லாம் புள்ளிக்குள்தான் இருந்தார்கள்.

போன வருடம் ஒரு தங்கச்சி வந்தா. கலியாணம். மண்டப வாசலில் வைக்க 'அப்பா' என்று ஒரு சட்டம் வேண்டும், எழுத்துக்குள் அப்பாவின் படங்கள் வேண்டும் என்றா.

"எத்தினை படம் இருக்கு?"

"ஒண்டு."

பொலித்தீன் பைக்குள் இருந்து எடுத்தா. அடையாள அட்டைப் படத்தின் போட்டோப் பிரதி. ஓரத்தில் முத்திரை மை. மற்றதெல்லாம் அல்பத்தோடு 2009 யுத்தத்தில் ஓடிவந்த வழியில் போய்விட்டதாம். வன்னியில் இது புதுக்கதை இல்லை. என்னிடம் வருகிற ஒருவருக்குப் போனுக்குள் எண்ணூறு படம், எதை விடுவது என்று தெரியாது. அடுத்தவருக்கு ஒன்று, அதுவும் பிரதி. அதைப் பெருப்பித்து 'அ'வை நிரப்பினால் கண் எது, மை எது என்று தெரியாமல் உடைந்துவிடும்.

'ப்'பில் புள்ளி இருந்தது. அப்பாவை அதற்குள் வைத்தேன். சின்ன இடம், சின்னப் படம், சரியாக நின்றது. மற்ற எழுத்துகளுக்கு என்ன போடுவது என்று கேட்டேன். அவ யோசிக்காமல், "வயலைப் போடுங்கோ அண்ணா. அவரை வீட்டில கண்டது குறைவு, அங்கதான் நிப்பார்" என்றா. அவவே போனில் தங்கள் வயலை எடுத்து அனுப்பினா. மூன்று எழுத்திலும் நெல். நடு எழுத்தின் தலையில் அவர். அந்த ஒரு வேலையில் மட்டும் நான் ஓட்டை விழுத்தவில்லை, பெல்ட்டும் தெரியவில்லை.

ஆகவே பனர் அடிக்க வருகிறவர்களிடம் மூன்று விண்ணப்பம். படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதேங்கோ, சுருக்கிவிடும், டொக்கியுமென்ட் ஆக அனுப்புங்கோ. எழும்பி நிற்கிற படம் வேண்டாம், முகம் கிட்ட வரட்டும். பிள்ளைக்குப் பெயர் வைக்கிறபோது எண்சாத்திரத்தோடு சேர்த்து ஒரு மெய்யெழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கோ. அந்தப் புள்ளிக்குள் ஒரு ஆள் தாராளமாக இருக்கலாம்.