முன்தேதியிட்டுத் தாருங்கள் ஐயா

அனுப்புநர்: தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்த ஒரு மனுதாரர், அம்பாசமுத்திரம்.
பெறுநர்: ஒன்றிய சுற்றுச்சூழல், வனம், காலநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி.
பொருள்: 1989-ஆம் ஆண்டுத் தேதியில் ஓர் அனுமதிக் கடிதம் வேண்டி.

ஐயா,

மாடியில் ஓர் அறை எடுக்க அனுமதி கேட்டு அலைகிறேன். வரைபடம், வில்லங்கச் சான்று, ஜெராக்ஸ் மூன்று செட்டு, எல்லாம் கொடுத்தாயிற்று. இடையில் விதி மாறிவிட்டதாம். முதலிலிருந்து எழுதி வா என்கிறார்கள்.

கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1989 மே மாதம் முதல் இரண்டு உலைகளுக்கும் தங்கள் அனுமதி வந்துவிட்டது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வந்தது 1994-இல். மக்கள் கருத்துக் கேட்பு கட்டாயமானது 1997-இல். கட்டுமானம் தொடங்கியதோ 2002-இல். உலை தருவதாகச் சொன்ன சோவியத் யூனியனே நடுவில் கலைந்து போயிற்று. தங்கள் கடிதம் மட்டும் கலையவில்லை. பேச்சிப்பாறை அணையிலிருந்து வருவதாக இருந்த நன்னீர், பிற்பாடு கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பதாக மாறியது. அப்போதும் கடிதம் அதேதான். விதிக்கு முந்திய அனுமதிக்குக் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை என்ற வாதம் 2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றத்திலும் நின்றது. அடேயப்பா, என்ன காகிதம் ஐயா அது!

அடுத்த நான்கு உலைகளுக்குக் கருத்துக் கேட்டார்கள், நான் மறுக்கவில்லை. திட்ட இடத்திலோ அதன் அருகிலோ கேட்க வேண்டும் என்பது தங்களின் 2006 அறிவிக்கை. 2007-இல் கேட்ட இடம் நெல்லை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகம். உலைக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரையின் மீனவர்கள் வள்ளியூர், நாங்குநேரி தாண்டி வந்து, கடலைப் பற்றி ஆற்றங்கரையில் பேச வேண்டியிருந்தது. பயன்படுத்திய எரிபொருளைச் சேமிக்கும் கிடங்குக்கு 2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்திலேயே கூட்டம் என்றார்கள். பரவாயில்லையே, பக்கத்தில் வைக்கிறார்களே என்று நினைத்தோம். கூட்டத்தையே ஒத்திவைத்துவிட்டார்கள்.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை விஷயமும் அப்படித்தான். சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தந்தால் விதிக்குப் போதும். தடித்த புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். கடலில் விடும் வெந்நீர் மீனை என்ன செய்யும் என்ற பக்கம் அந்தத் தடித்த புத்தகத்தில்தான் கிடக்கிறது.

ஆகவே என் மாடி அறைக்கு 1989 மே மாதத் தேதியிட்டு ஓர் அனுமதி தந்து உதவவும். அது முடியாதென்றால் இதையாவது செய்யுங்கள்: இனி நடக்கும் கருத்துக் கேட்பை இடிந்தகரையிலேயே வையுங்கள், முழு அறிக்கையையும் தமிழில் கொடுங்கள், படித்து முடிக்க அவகாசம் கொடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மனுதாரர்